செல்லுக்குள் ஒரு பச்சை விளக்கு

பழவேற்காட்டில் கரையேறும் வலையில் மடவையும் இறாலும் துள்ளும். அவற்றினிடையே சில வேளைகளில் இழுதுமீனும் சிக்கியிருக்கும். தொட்ட கை அரிப்பதால் மீனவர் அதனைச் 'சொறி' என்பர். மடவையின் துள்ளலுக்குள் நிகழ்வதைக் கண்ணால் காண வழிசெய்தது, அச்சொறியின் தொலைதூர உறவான மற்றோர் இழுதுமீனே.

தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். ஓய்விலுள்ள செல்லினுள், வெளியே இருப்பதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கால்சியமே கரைந்திருக்கும். நரம்பின் ஏவல் வந்ததும் அது பன்மடங்கு உயர்ந்து, உடனே தணிகிறது. செல்லைச் சிதைத்து அளந்தால் இந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். உயிருள்ள செல்லுக்குள் அளவுகோலை வைப்பது எவ்வாறு?

1961ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் ஃபிரைடே ஹார்பரில் ஒசாமு ஷிமோமுரா, ஒளிரும் இழுதுமீன்களின் சாற்றை ஆராய்ந்தார். அமிலத்தால் ஒளி அடங்கிய சாற்றைக் கழுவுதொட்டியில் கொட்டினார். தொட்டி நீலமாய்ப் பளிச்சிட்டது! அங்கே வழிந்துகொண்டிருந்த கடல்நீரின் கால்சியமே ஒளியைத் தூண்டியிருந்தது. அச்சாற்றில் கிடைத்த ஒளிப்புரதம் ஏக்வோரின். உடன் கிடைத்தது பச்சை ஒளிர் புரதம்.

பச்சைப் புரதத்தின் மரபணுவை 1992இல் டக்ளஸ் பிரேஷர் படியெடுத்தார். நிதியின்றி ஆய்வைக் கைவிட நேர்ந்த அவர், அம்மரபணுவை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் வழங்கினார். 2008இல் ஷிமோமுராவும் அவ்விருவரும் வேதியியல் நோபல் பரிசு பெற்றபோது, பிரேஷர் வாகனம் ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

பச்சைப் புரதம் பீப்பாய் வடிவினது. ஒளிரும் பகுதி நடுவில் உள்ளது. 2001இல் ஜப்பானிய அறிஞர் ஜூனிச்சி நாகாய் குழுவினர் அதன் பழைய முனைகளை இணைத்து, பக்கவாட்டில் புதிய முனைகளைத் திறந்தனர். ஒன்றில் கால்மோடுலின் என்னும் புரதத்தையும் மற்றொன்றில் எம்13 என்னும் சிறு துண்டையும் பொருத்தினர். கால்சியம் அயனிகளைப் பற்றிய கால்மோடுலின், எம்13ஐத் தழுவிக்கொள்ளும், திறப்பு அடைபடும், நீர் படாது காக்கப்பட்ட நடுப்பகுதி பளிச்சென ஒளிரும். கால்சியம் விலகினால் ஒளி மங்கும். இவ்வுணரியின் பெயர் ஜீகேம்ப். அதற்குரிய மரபணுவைச் செலுத்தினால் போதும், செல்லே உணரியைச் செய்துகொள்ளும்.

ஆயினும் பிடி அளவோடு இருத்தல் வேண்டும். இறுகப் பற்றினால் ஒளி அணையத் தாமதமாகி, அடுத்தடுத்த துடிப்புகள் ஒன்றாய்க் கலந்துவிடும். தளரப் பற்றினால் சிறுதுடிப்பு தெரியாது. உணரி மிகுந்தாலோ, செல்லுக்குரிய கால்சியத்தை அதுவே கவர்ந்துகொள்ளும். அளக்க வந்ததே அளவை மாற்றிவிடுமல்லவா? ஆகவே அமினோ அமிலங்களை மாற்றி மாற்றிச் சோதித்தனர். 2013இல் வெளிவந்த ஆறாம் தலைமுறை ஜீகேம்ப், சுண்டெலி மூளையில் ஒரு நரம்புச்செல்லின் ஒற்றைத் துடிப்பையும் காட்டியது. கண்ணாடிபோன்ற உடலையுடைய ஜீப்ரா மீன்குஞ்சு வாலசைக்கையில், அதன் மூளையில் எந்தெந்தச் செல்கள் சுடர்கின்றன என்பதை இன்று நுண்ணோக்கி வழியே காண இயலும்.