ஓதும் பள்ளியும் இல்லறமும்

 

கடைக்காரர் கல்வியைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று சிலர் புன்னகைக்கக்கூடும். நாம் ஓதியது ஊர் மதரஸாவில். படித்தது ஆரம்பப் பாடசாலை மட்டுமே. ஆயினும் கற்றது எப்படி நெஞ்சில் தங்குகிறது, எப்படி நழுவிப் போகிறது என்பதை நாமும் அனுபவித்திருக்கிறோம். அதே காரணம் இல்லறத்திலும் இருக்கக் கண்டதால் இதை எழுதத் துணிந்தோம்.

பாடம் கொடுப்பது உஸ்தாதின் வேலையில் பாதிதான். மறுநாள் பிள்ளை அதை ஒப்புவிக்க, செவிகொடுத்துக் கேட்பது மறுபாதி. நமக்கு ஓதிக்கொடுத்தவர் இருவர். ஒருவர் கையில் பிரம்பு இருக்கும்; நாம் ஒப்புவிக்கும்போது அவர் கண் வாசலில் இருக்கும். மற்றவர் தலை குனிந்து கேட்பார். சரியாக ஓதினால் அவர் முகம் மலரும். பிழைத்தால் நம்மைவிட அவரே அதிகம் வருந்துவார். அந்த முகமலர்ச்சியைக் காண்பதற்காகவே இஷாவுக்குப் பின்னும் உட்கார்ந்து பாடம் பார்த்தோம். பிரம்புக்குப் பயந்து படித்ததில் பாதி மறந்து போயிற்று. (அடி மறக்கவில்லை என்பது வேறு விஷயம்!)

இனி, கடல் கடந்த நம் குடும்பங்களைப் பார்ப்போம். ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-ல் நிறுவப்பட்டது. அக்காலந்தொட்டு இங்கு வியாபாரத்துக்கு வந்த நம்மவரில் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டே வந்தனர். கடையநல்லூரார் பலர் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். மற்றவர்களுக்கு அந்தப் பாக்கியம் அரிது. 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினம் போய்த் திரும்புவது சில ஆண்டுகளுக்கு ஒரு தரம்தான். இடையில் இருந்தது கடிதம் ஒன்றே.

அந்தக் கடிதங்களில் ஒரு பாடம் இருக்கிறது. அந்நாளில் நம் பெண்களில் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. குர்ஆன் ஓதிய பழக்கத்தால் அரபி எழுத்துத் தெரியும். ஆகவே தமிழையே அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் கணவருக்கு எழுதினார்கள். ட, ப, ழ போன்ற ஓசைகளுக்கு அரபியில் எழுத்தில்லை. இருக்கும் எழுத்துக்களில் புள்ளி முதலிய குறிகளைக் கூட்டி முன்னோர் அவற்றை அமைத்துக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும் வெட்கமும் இல்லாமற் போயிற்று.

நம் பாட்டனாரின் தகரப் பெட்டியில் பாட்டியார் எழுதியவை சில இருந்தன. அவர் எழுதியவற்றைப் பாட்டியார் ஊரில் வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து ஒரு பெரியவரைக் கொண்டு வாசித்தோம். ஒவ்வொரு கடிதமும் மற்றவர் கேட்டிருந்ததற்கு மறுமொழி சொல்லிவிட்டே தன் சங்கதியைத் தொடங்குகிறது. ஓரிடத்தில் பாட்டனார் ‘ழ’வுக்குப் புள்ளியைத் தவறாக இட்டதைப் பாட்டியார் திருத்தியிருக்கிறார். அடுத்த கடிதத்தில் மழை, வாழை, கிழமை என்று வேண்டுமென்றே அவ்வெழுத்து வரும்படி எழுதியிருக்கிறார் பாட்டனார்!

ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில் தோழர்கள் மனமுடைந்து எழாதிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் போய் அதைச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன யோசனைப்படியே, ஒருவரிடமும் பேசாமல், குர்பானி கொடுத்துத் தலைமுடி களைந்தார்கள். அதைக் கண்டு தோழர்களும் எழுந்தார்கள். சமுதாயம் முழுவதற்கும் ஆசிரியரானவர்கள் வீட்டில் யோசனை கேட்டார்கள்.

நமக்கோ கைப்பேசியில் முகம் பார்த்தே பேச முடிகிறது. கடை அடைத்ததும் மூன்று கேள்வி: பணம் வந்ததா? பிள்ளைகள் ஓதினார்களா? உடம்பு சுகமா? ஒருநாள் துணைவியார், “மச்சான், சரக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்பது போலல்லவா கேட்கிறீர்கள்” என்றார். கோபம் வந்தது. யாருக்காக இங்கே உழைக்கிறோம் என்று கேட்டுப் போனை வைத்துவிட்டோம். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கையில், வாசலைப் பார்த்துக்கொண்டே பாடம் கேட்ட அந்த உஸ்தாது ஞாபகத்துக்கு வந்தார். நாமும் அவரைப் போலத்தான் ஆகிவிட்டோம்.

அன்றிரவு மன்னிப்புக் கேட்டு, “இன்று என்ன செய்தாய்?” என்றோம். பெண்கள் மதரஸாவில் தஜ்வீது படிக்கச் சேர்ந்து ஐந்து மாதமாயிற்று என்றார். ஐந்து மாதம்! நமக்குத் தெரியாது.

இப்போது இரவில் அவர் ஒப்புவிக்கிறார், நாம் கேட்கிறோம். “உங்கள் பாடத்தை யார் கேட்பது?” என்று அவர் கேட்டதால், இரண்டு ஆண்டாக மறைத்து வைத்திருந்த கடைக் கடனை அவரிடம் சொல்லிவிட்டோம். அவர் அழவில்லை. யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

சென்ற வியாழன் இரவு நாம் யாசீன் ஓதினோம். ஓரிடத்தில் நீட்ட வேண்டியதை நீட்டாமல் ஓதுவதாக நிறுத்தினார். சிறுவயது முதல் அப்படித்தான் ஓதி வந்திருக்கிறோம். மூன்று தரம் ஓதிக் காட்டச் சொல்லி, பிறகே மேலே போக விட்டார்.