எமல்சிஃபையர் ஹலாலா? 471 பற்றி நாம் அறிய வேண்டியவை



நம் துறைமுக நகரில் எல்லாச் சமயத்தாரும் ஒரே கடையில்தான் சாமான் வாங்குகிறார்கள். காயல்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து சரக்கெடுக்க வருவோர், குறிப்பாக ரமலான் சமயத்தில், பிஸ்கட், கேக் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "இதில் 471 இருக்கிறதே, ஹலால்தானா?" என்று கேட்பதுண்டு. தெரியாமல் 'ஆமாம்' என்றால் வாடிக்கையாளரின் நம்பிக்கைக்குத் துரோகம். பயந்து 'இல்லை' என்றால் நல்ல சரக்கு தேங்கி நமக்கு நஷ்டம். எனவே இதன் விவரத்தைப் பார்ப்போம்.

எமல்சிஃபையர் என்றால் என்ன?

எண்ணெயும் தண்ணீரும் தானாக ஒட்டாது. அவற்றைப் பிரியாமல் பிடித்து வைப்பதே இதன் வேலை. ரொட்டி மிருதுவாக இருக்கவும், ஐஸ்கிரீம் வழவழப்பாக வரவும், கேக் உப்பி எழவும் இதைச் சேர்க்கிறார்கள். பேக்கரிக்காரர்கள் வாங்கும் கேக் ஜெல்லிலும் இது உண்டு.

471 என்பது மோனோ, டை கிளிசரைடுகள். கொழுப்பைக் கிளிசரினுடன் சேர்த்துச் சூடாக்கித் தயாரிப்பது. நம் துறைமுகத்தில் வந்திறங்கும் பாமாயில் போன்ற தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம். மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். எதில் செய்தாலும் எண் ஒன்றுதான். நிறத்தாலோ மணத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. பன்றி மட்டுமே தடை என்று எண்ணிவிடக் கூடாது; முறைப்படி அறுக்கப்படாத மாட்டின் கொழுப்பும் ஹலால் ஆகாது.

472 வகைகள், 481, 491 ஆகியவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும். 322 என்பது லெசித்தின். பெரும்பாலும் சோயா, சூரியகாந்தியிலிருந்து வருவது. சோயா லெசித்தின் என்று அச்சிட்டிருந்தால் அதன் மூலத்தைப் பற்றி ஐயம் வேண்டாம். 'இந்த எண்களெல்லாம் பன்றிக் கொழுப்பு' என்று சுற்றிவரும் பட்டியல்களை நம்பிச் சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

புள்ளியும் முக்கோணமும்

நம் நாட்டுச் சட்டப்படி பச்சைப் புள்ளி உள்ள பொருளில் விலங்குக் கொழுப்பு இருக்கக் கூடாது. பால், தேன் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. ஆகவே பச்சைப் புள்ளி இருந்தால் அதிலுள்ள 471 விலங்குக் கொழுப்பிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. ஆனால் மது கலந்த எசன்ஸ் உண்டா என்பதைப் புள்ளி சொல்லாது.

பழுப்பு முக்கோணம் இருந்தாலே ஹராம் என்பதும் தவறு. நம் தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு இருப்பதால் அதற்கும் அசைவக் குறியே வரும். முட்டை ஹலால்தான். முட்டையோடு 471-ம் சேர்ந்த கேக்கில்தான் மூலத்தை விசாரிக்க வேண்டும்.

9.12.2021 அன்று தில்லி உயர்நீதிமன்றம், சேர்மானத்தின் எண்ணை மட்டுமன்றி அது தாவரமா, விலங்கா, ஆய்வகத்தில் செய்ததா என்பதையும் தயாரிப்பாளர்கள் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எனவே மூலத்தைக் கேட்க நாம் தயங்க வேண்டாம்.

லேபிள் சொல்லாதது

2001 ஜனவரியில் இந்தோனேசியாவில் அஜினோமோட்டோ சுவையூட்டியைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. பொருளில் பன்றிக் கொழுப்பு ஏதும் சேர்க்கவில்லை. தயாரிப்புக்கான நுண்ணுயிரை வளர்த்த ஊட்டத்தில் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டிருந்தது. இத்தகைய செய்தி லேபிளில் வராது. ஆலையின் செய்முறையையே பார்வையிட்டுத் தரும் ஹலால் சான்றுக்கு மதிப்பு இதனால்தான்.

நாம் செய்ய வேண்டியவை

1. பச்சைப் புள்ளி, சேர்மானப் பட்டியல், ஹலால் முத்திரை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2. ஐயம் இருந்தால் தயாரிப்பாளரிடமோ ஏஜெண்டிடமோ 'இந்த 471 எந்தக் கொழுப்பிலிருந்து?' என்று எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வைக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

3. சான்று காட்டினால், அது அதே பொருளுக்கும் அதே ஆலைக்கும் உரியதா, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

4. கேக் ஜெல்லைச் சில்லறையாகப் பிரித்து விற்போர் மூல டின்னின் லேபிள் விவரத்தையும் பேட்ச் எண்ணையும் சிறு டப்பாவில் எழுதி ஒட்ட வேண்டும்.

5. வெளிநாட்டுச் சாக்லேட், பிஸ்கட்டில் இறக்குமதியாளர் பெயரும் உணவு உரிம எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. கொழுப்பு முற்றிலும் வேறு பொருளாக மாறினால் தூய்மையாகுமா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வார்கள். 'இது சோயாவிலிருந்து வந்தது, கம்பெனியின் கடிதம் இதோ' என்று காட்டுவதும், தெரியாவிட்டால் 'விசாரித்துச் சொல்கிறேன்' என்பதுமே நம் கடமை. சுத்த சைவம் உண்ணும் வாடிக்கையாளருக்கும் அதே கடிதம் பயன்படும்.