முதியோர் இல்லம் நடத்துவோருக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் நடந்துவந்த அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் நுழைந்தார்கள். அங்கே சேர்த்துவிட்ட முதியவர் ஒருவரைப் பார்க்க உறவினர் வந்தபோது ஆள் இல்லை. பெங்களூரில் வேறு இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள், அங்கும் இல்லை. விவகாரம் ஆட்கொணர்வு மனுவாக உயர் நீதிமன்றம் வரை போனது. முறையான அனுமதியின்றி அந்த இல்லம் நடந்ததும், அதைவிடக் கொடிய புகார்களும் அதன் பிறகுதான் வெளியே தெரிந்தன. 140க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள்.

2019 நவம்பர் வரை கள்ளக்குறிச்சியும் அதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. கல்வராயன் மலையில் இளவட்டங்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போய்விட, வீட்டில் மிஞ்சுவது பாட்டியும் தாத்தாவும். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, சம்பாதிக்கும் மகனைப் பறிகொடுத்த பெற்றோரும் இருந்தார்கள். இங்கே முதியோர் இல்லம் தேவைதான். அதனாலேயே அது ஒழுங்காக நடக்க வேண்டும்.

அடிப்படைச் சட்டம், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. அதற்கான தமிழ்நாட்டு விதிகள் 2009இல் வந்தன. இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்ச வசதிகளையும் நாடு முழுவதும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்டது. நிறைவேறாமலே 2024இல் அந்த மக்களவையோடு காலாவதியானது. புதுச் சட்டம் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் பதிவு செய்யாமல் இல்லம் நடத்த இப்போதே அனுமதி இல்லை.

செய்ய வேண்டியவை

பதிவு செய்யுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகுங்கள். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். அறக்கட்டளைப் பத்திரம் கையில் இருப்பதே இல்லம் நடத்துவதற்கான அனுமதி என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. மனநலம் பாதித்தவர்களையும் தங்கவைத்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி தனிப் பதிவும் வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கமாவது பதிவேடு எழுதுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதை நான் மேலே வைக்கிறேன். குண்டலப்புலியூரில் முதலில் தொலைந்தது, யார் எங்கே இருக்கிறார் என்ற கணக்குதான். பெயர், புகைப்படம், சேர்ந்த தேதி, கூட்டிவந்தவர் யார், அவருடைய கையெழுத்து, என்ன நோய், என்ன மாத்திரை, யார் வந்து பார்த்தார்கள், எப்போது வெளியே போய் எப்போது திரும்பினார் என்று எல்லாம் இருக்கட்டும். மலையிலிருந்து வந்தவர் என்றால் "கல்வராயன் மலை" என்று மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள். கிராமம், ஊராட்சி, ஊர்ப் பெரியவர் பெயர், பக்கத்து வீட்டுக்காரர் எண் ஆகியவற்றையும் எழுதுங்கள். மகன் தோட்ட வேலையில் இருந்தால் அவர் போன் மாதக்கணக்கில் எடுக்காமல் போகலாம். ஊரில் இன்னொருவர் எண் இருந்தால்தான் தகவல் போய்ச் சேரும். தெருவில் கிடந்தவரை அழைத்துவந்தால் அன்றைக்கே காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, ரசீது வாங்கி அதே பக்கத்தில் ஒட்டுங்கள். அவரைத் தேடிக்கொண்டு ஒரு குடும்பம் எங்கேயோ அலைந்துகொண்டிருக்கலாம்.

இடத்தை அளந்து பாருங்கள். படுக்கையறையில் ஆளுக்கு 7.5 சதுர மீட்டர் என்கின்றன மத்திய அரசின் மாதிரி விதிகள். கட்டிலுக்குக் கட்டில் ஒட்டிப் போட்டால் நடைக்குச்சியோடு நடக்க முடியாது.

மருத்துவ ஏற்பாட்டை எழுத்தில் வையுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளுக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளரிடம் எல்லோர் பெயரையும் சேருங்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இல்லம் நடத்துபவர்கள், மழை நாளில் மலைப்பாதை அடைபட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். 108 வண்டி மேலே ஏறி வருவதற்கும் நேரம் பிடிக்கும்.

பிள்ளைகள் கைவிட்டிருந்தால் மனு போட உதவுங்கள். பராமரிப்புத் தீர்ப்பாயம் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் இருக்கிறது. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் என்றால் கள்ளக்குறிச்சி அல்லது திருக்கோவிலூர். முதியவரால் முடியாத நிலையில், அவர் அதிகாரம் அளித்த அமைப்பே மனு கொடுக்கலாம். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு; 90 நாளில் முடிவெடுக்க வேண்டும் என்கிறது சட்டம்.

செய்யக்கூடாதவை

யாரையும் சொல்லாமல் இடம் மாற்றாதீர்கள். அவருடைய சம்மதம், உறவினருக்குத் தகவல், சமூக நல அலுவலருக்குக் கடிதம் ஆகிய மூன்றும் இல்லாமல் ஒருவரையும் வேறு இல்லத்துக்கு அனுப்பக்கூடாது. வெளி மாநிலத்துக்கு என்றால் இன்னும் கவனம் வேண்டும். மொழி தெரியாத ஊரில் நினைவு தடுமாறும் ஒரு முதியவர் தன் பெயரைக்கூடச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

கட்டிவைக்காதீர்கள், பூட்டிவைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் பிணைக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. "ராத்திரி எழுந்து ஓடிவிடுகிறார்" என்பது சமாதானம் ஆகாது. ராத்திரிக்கு ஆள் போடுங்கள்.

ஏ.டி.எம். கார்டையும் சொத்தையும் தொடாதீர்கள். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை அவருடைய பணம். கட்டணம் வாங்கினால் ரசீது கொடுங்கள். "கடைசி வரை பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி வீட்டையோ நிலத்தையோ எழுதி வாங்கும் வேலை வேண்டவே வேண்டாம். பராமரிப்பதாக நிபந்தனையோடு எழுதி வாங்கிவிட்டுப் பராமரிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ் அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். வாங்கியவர் பெற்ற பிள்ளையாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நழுவாதீர்கள். மூத்த குடிமகனைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் எவரும் அவரை முற்றாகக் கைவிடும் எண்ணத்தோடு எங்கே விட்டுப்போனாலும், அதே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை குறைவு என்பதே என் கருத்து. ஆனாலும் "எவரும்" என்பதில் இல்லம் நடத்துபவரும் அடக்கம்.

இறந்தவரை அவசரமாக அடக்கம் செய்யாதீர்கள். மருத்துவர் சான்று, உறவினருக்குத் தகவல், இறப்புப் பதிவு மூன்றும் வேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் காவல் நிலையம். உறவு யாரென்று தெரியாதவர் இறந்தாலும் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

நன்கொடைக்காக அவர்களின் அழுத முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள்.

உங்கள் தெருவில் பெயர்ப்பலகையோ பதிவுச் சான்றோ இல்லாமல் ஓர் இல்லம் நடந்தால், உள்ளே போய்ப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. பேசக் கட்டணம் கிடையாது.