அபாய வெளிச்சம்: கொளுத்தும் முன் தெரிந்துகொள்வோம்



நம்ம வீட்டு ஆம்பளைங்க கடல் தொழிலுக்குப் போகும்போது ஐஸ் எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று நமக்கு அத்துப்படி. படகில் ஆபத்துக்குக் கொளுத்தும் பிளேர் எத்தனை இருக்கு என்று கேட்டால் முழிப்போம். "தீபாவளி மத்தாப்பு மாதிரிதானே, இதுல படிக்க என்ன இருக்கு?" என்று சில அக்காமார் கேட்பார்கள். இருக்கு.

பெரிய கப்பலில் தொங்கும் உயிர்காப்புப் படகைப் பாருங்கள். அதில் கையில் பிடிக்கும் சிவப்பு பிளேர் 6, உயரே போய்ச் சின்னக் குடையில் இறங்கும் ராக்கெட் 4, தண்ணீரில் மிதக்கும் ஆரஞ்சுப் புகை டப்பா 2 இருக்க வேண்டும் என்பது உலக விதி. ராக்கெட் 300 மீட்டர் ஏறி 40 விநாடி எரியும். கை பிளேர் 1 நிமிஷம். புகை 3 நிமிஷம், அது பகலுக்குத்தான்.

கணக்குப் போடுங்கள். ஆறு கை பிளேரும் சேர்ந்து சுமார் ஆறே நிமிஷம்! பயத்தில் ராத்திரியே வரிசையாகக் கொளுத்திவிட்டால், விடியற்காலையில் கப்பல் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. அதனால் கப்பல் கண்ணில் பட்ட பிறகு, அல்லது விமானச் சத்தம் கேட்ட பிறகுதான் கொளுத்த வேண்டும். தூரத்தில் இருப்பவருக்கு ராக்கெட். கிட்டே வந்தவருக்கு இடம் காட்டக் கை பிளேர். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் நிற்கும்போது ராக்கெட் விடவே கூடாது.

இனி கை பத்திரம். பிளேரிலிருந்து கொதிக்கும் கசடு சொட்டும். கையில் விழுந்தால் சதை வெந்துவிடும். ரப்பர் மிதவையில் விழுந்தால் ஓட்டை, டீசல் பக்கத்தில் விழுந்தால் படகே போச்சு. காற்று நம் முதுகில் அடிக்கும்படி திரும்பி நின்று, கையை நன்றாக நீட்டி, படகுக்கு வெளியே, கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வெளிச்சத்தை உற்றுப் பார்க்கக் கூடாது. பற்றவில்லையா? முகத்துக்கு நேரே வைத்து எட்டிப் பார்ப்பதுதான் பெரிய தப்பு. வெளியே நீட்டியபடி கொஞ்ச நேரம் பிடித்திருந்து, கடலில் போட்டுவிடுங்கள்.

எப்படிப் பற்றவைப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றில் கயிற்றை இழுக்கணும், இன்னொன்றில் அடியைத் தட்டணும். மேலே பெரும்பாலும் இங்கிலீஷில்தான் எழுதியிருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லி, கரையிலேயே எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். பொதுவாக 3 வருஷம்தான். பழையதைத் திருவிழாவில் கொளுத்தாதீர்கள். சிவப்பு வெளிச்சம் என்றால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். பார்த்தவர்கள் தேடிக் கிளம்பிவிடுவார்கள்.

செல்போன் கரையோரம்தான் எடுக்கும். ஆழ்கடலுக்குப் போகும் படகில் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் 'டாட்' கருவி இருந்தால் முதலில் அதை அமுக்க வேண்டும். புதிய கருவியில், செய்தி கிடைத்தது என்று பதிலும் வரும்.

கரையில் நமக்கும் வேலை இருக்கு. படகு வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைக் கூப்பிடலாம். படகின் பதிவு எண், நிறம், எத்தனை பேர், எப்போது எந்தத் திசையில் போனார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். பதறும் நேரத்தில் இதெல்லாம் ஞாபகம் வராது. படகு கிளம்பும் அன்றே ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.