வேளாண்மைப் பல்கலைக்கழகமும் நமது கடைமடையும்

பல்கலைக்கழகம் என்றால் பட்டம் பெறும் மாணாக்கருக்கு மட்டுமே உரிய இடம் என்று கிராமங்களில் பலர் கருதுகின்றனர். விளைநிலத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பை அறிந்தால் இக்கருத்து மாறும். அதிராம்பட்டினம் சுற்றுவட்டார விவசாயிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி அறிய வேண்டுவனவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

தோற்றமும் பணியும்

1868-ஆம் ஆண்டில் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. அது பின்னர்க் கோயம்புத்தூருக்கு மாற்றப்பெற்றுக் கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றும் அதன் பணிகள். விரிவாக்கமாவது, ஆராய்ச்சியிற் கண்டதை உழவரிடம் சேர்ப்பதும், உழவரின் இடர்ப்பாட்டை ஆராய்ச்சியாளரிடம் சேர்ப்பதுமாகும்.

நமக்கு அருகில்

கோயம்புத்தூர் தொலைவிலுள்ளது, ஆனால் அதன் நிலையங்கள் நம் அருகிலேயே உள்ளன. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடைபெற்று வருகிறது. ஜப்பானிய நெல்லையும் நமது ஜி.ஈ.பி. 24 நெல்லையும் கலந்து அங்கு உருவாக்கிய ஆடுதுறை 27, 1960-களில் குறுவைப் பயிராகத் தஞ்சை மாவட்டமெங்கும் பரவியது. வெள்ள நீரில் சில நாட்கள் மூழ்கினும் பிழைக்கும் சி.ஆர். 1009 சப் 1 என்னும் நெல்லும் இன்று நமக்குக் கிடைத்துள்ளது. தஞ்சைக்கு அருகே காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மை பற்றிய ஆராய்ச்சி நிலையமும், வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றன.

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் நம் பகுதியின் தென்னந்தோப்புகளை வீழ்த்தியதை நாம் மறக்கவில்லை. தென்னங்கன்றின் குறை, நட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே தெரியும். ஆகவே கன்று வாங்குமுன் வேப்பங்குளத்தாரைக் கலந்துகொள்ளுதல் நலம்.

உவரும் களரும்

கடைமடையில் நல்ல நீர் அரிது. கடலோரமாதலின் உப்பும் மிகுதி. உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவர் நிலத்தில் நல்ல நீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவ வேண்டும். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட வேண்டும். உவர் நிலத்தில் ஜிப்சம் மட்டும் இட்டால் பணமே வீணாகும். இரண்டையும் பிரித்தறிய மண் பரிசோதனை தேவை.

அறுவடைக்குப் பின், உரமிடுமுன் மண் எடுக்க வேண்டும். வரப்போரம், எருக்குவியல், மரநிழல் ஆகிய இடங்களைத் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில், நெல் வயலாயின் ஆறங்குல ஆழம் வரை மண்ணெடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பினால் போதும்.

பஞ்சாயத்தின் கடமை

வடிகால் தூர்ந்திருந்தால் ஒருவர் தம் வயலில் மட்டும் உப்பைக் கழுவ இயலாது. ஆதலால் வடிகாலைச் சீராக்குவது ஊரார் கூடிச் செய்யவேண்டிய காரியம். மண் மாதிரிகளை ஊர்முழுமைக்கும் ஒருங்கே அனுப்பி, முடிவுகளைக் கிராம சபையில் படித்துக் காட்டுவீர்களாக. பொதுமக்கள் வரியால் நடைபெறும் பல்கலைக்கழகம் நம்முடையதே. அதனிடம் வினாக்களோடு செல்லும் ஊரே அதன் பயனை முழுமையாக அடையும்.