வேலையை வெளிய குடுக்கிறப்போ யாரை நம்புறது?

எங்க திருவேங்கடம் பக்கம் 'அவுட்சோர்சிங்' ஒண்ணும் புது விஷயம் இல்ல. கையால தீப்பெட்டி செஞ்ச காலத்துல, தீப்பெட்டி ஆபீஸ்காரங்க பெட்டி ஒட்டுற வேலையை வீடுகளுக்குத்தான் குடுத்து வாங்குனாங்க. குரோஸ் கணக்கு, 144 பெட்டி ஒரு குரோஸ். ஒட்டுனது சரியில்லன்னா வாங்குற இடத்துலயே தெரிஞ்சிரும். ஒட்டுனவங்க வீடும் தெரியும்.

இப்போ அதே ஊர்ல ஒரு குடும்பம் செக்கு எண்ணெய் விக்குதுன்னு வச்சுக்குவோம். வெப்சைட் வேணும், லேபிள் டிசைன் வேணும். அதுக்காக ஆள் வச்சு மாசச் சம்பளம் குடுக்க முடியாது. ஃப்ரீலான்ஸர்தான் வழி. ஆனா அவர் எழுதுன நிரல் நல்லதா கெட்டதான்னு பாத்தவுடனே சொல்ல அப்பாவுக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது.

இதைப் பத்தி 1970-ல ஜார்ஜ் அகர்லாஃப் ஒரு கட்டுரை எழுதினார். பேரு 'எலுமிச்சைச் சந்தை'. புளியங்குடி எலுமிச்சை இல்லீங்க. அமெரிக்காவுல மோசமான பழைய காரை 'லெமன்'னு சொல்லுவாங்க. நல்லது எது கெட்டது எதுன்னு வாங்குறவனுக்குத் தெரியலன்னா, ரெண்டுக்கும் சேத்து ஒரு சராசரி விலைதான் தருவான். அந்த விலை நல்ல சரக்கு வச்சிருக்கிறவனுக்குக் கட்டாது, அவன் சந்தையை விட்டுப் போயிருவான். மிச்சம் இருக்கிறது எல்லாம் லெமன். 2001-ல இவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது. 'யாரு குறைவா கேக்குறாங்களோ அவங்களுக்கே'ன்னு முடிவு பண்றவங்க அந்தச் சந்தையைத் தாங்களே உருவாக்குறாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

அப்போ எதைப் பாத்து எடுக்குறது? '10 வருஷ அனுபவம்'னு ப்ரொஃபைல்ல இருக்கிறதைப் பெருசா நம்ப வேண்டாம். ஆள் தேர்வு பத்தின 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல ஷ்மிட், ஹண்டர்னு ரெண்டு பேர் வெளியிட்டாங்க. வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பாக்குறது மேல வந்துது. வெறும் அனுபவ ஆண்டுக் கணக்கு ரொம்பக் கீழ போச்சு. 2022-ல வேற குழு அந்தக் கணக்கைத் திருத்தி எண்களைக் குறைச்சுது. ஆனாலும் அனுபவ ஆண்டு மேல ஏறல. அதனால முழு வெப்சைட்டையும் தூக்கிக் குடுக்காம, ஒரே ஒரு பக்கத்தைக் காசு குடுத்து செய்யச் சொல்லுங்க. ஓசியில 'சாம்பிள்' கேட்டா நல்ல ஆள் வரமாட்டார், அதுவும் நியாயந்தான்.

அந்தச் சின்ன வேலையில டிசைனை விட முக்கியமா ஒண்ணு பாக்கணும்: அவர் திருப்பி என்ன கேள்வி கேக்குறார்? "ஆர்டர் வாட்ஸ்அப்ல வருமா, சைட்லயே பணம் கட்டணுமா?"ன்னு கேக்குறவர் வேலையைப் புரிஞ்சுக்குறார். எதைச் சொன்னாலும் "ஓகே சார், முடிச்சிரலாம்"னு சொல்றவர்கிட்ட எனக்குப் பயம்தான். பழைய வாடிக்கையாளர் ரெண்டு பேர் நம்பர் வாங்கிப் பேசுங்க. "நல்லா செஞ்சாரா?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமாம்பாங்க. "அடுத்த வேலையையும் இவருக்கே குடுப்பீங்களா?"ன்னு கேட்டுட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கவனிங்க. 5 ஸ்டாரும் அப்படித்தான்: 4 குடுத்தா அவர் பொழப்பு கெடுமேன்னு 5 போடுறவங்க நிறைய.

ஆள் நல்லவரா இருந்தும் மாட்டிக்கிற இடம் டொமைன். பல பேர் "நீங்களே வாங்கிப் போட்டுருங்க"ன்னு விட்டுர்றாங்க. அவர் தன்னோட பேர்ல, தன்னோட மெயில்ல பதிவு பண்ணிருவார். மூணு வருஷம் கழிச்சு அவர் வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டா, புதுப்பிக்க ஆள் இருக்காது. பாட்டில் லேபிள், பில், கடை போர்டு எல்லாத்துலயும் அச்சடிச்ச முகவரி வேற யாருக்கோ போயிரும். டொமைனையும் ஹோஸ்டிங்கையும் வீட்டு ஆள் பேர்ல வாங்கி, அவருக்கு வேலை செய்யிற அளவுக்கு மட்டும் அனுமதி குடுக்கணும்.

இன்னொண்ணு, காப்புரிமை. நம்ம 1957-ம் வருஷச் சட்டப்படி, சம்பள ஊழியர் வேலையோட பாகமா எழுதுன நிரல், வேற ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸர் எழுதுனது, நீங்க முழுக்காசு குடுத்தாலும், அவருக்குத்தான் சொந்தம். எழுத்துல கையெழுத்துப் போட்டு மாத்திக் குடுத்தாத்தான் உங்களுக்கு. அதுலயும் காலம் குறிப்பிடலன்னா 5 வருஷம், இடம் குறிப்பிடலன்னா இந்தியா மட்டும். துபாய்க்கு எண்ணெய் அனுப்பலாம்னு கனவு இருந்தா அந்த ரெண்டு வரியைக் கண்டிப்பா சேத்துருங்க. மத்தபடி என்ன வேலை, எத்தனை தடவை திருத்தம், எந்தக் கட்டத்துல எவ்வளவு பணம்ங்கிறதை மெயில்ல எழுதிக்கிட்டாலே ஒப்பந்தம் செல்லும்.

நம்மள்ல பாதிப் பேர் செமஸ்டர் லீவுல ஃப்ரீலான்ஸ் பண்ற ஆளுங்க. அந்தப் பக்கத்துக்கும் ஒரு சட்டம் இருக்கு. உத்யம் பதிவு பண்ணியிருந்தா, 2006-ம் வருஷக் குறு, சிறு தொழில் சட்டப்படி வேலையை ஏத்துக்கிட்ட 45 நாளுக்குள்ள பணம் வந்தாகணும். எழுத்துல தேதி பேசலன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கியோட வங்கி வட்டி விகிதம் மாதிரி மூணு மடங்கு கூட்டு வட்டி. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார், பான் நம்பர் கையில இருந்தா ஆன்லைன்லயே முடிச்சிரலாம்.