சாம்பியனின் கணக்கில் எதிராளியின் பங்கு

அன்புள்ள கவினுக்கு,

மாமா எழுதுவது. “ஜான் ஜோன்ஸை மிஞ்ச ஆளே இல்லை, ஊக்கமருந்து சாப்பிட்டால் மட்டும் உதை வந்துவிடுமா?” என்று கேட்டிருந்தாய். இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

அவர் திறமையில் எனக்கு ஐயமே கிடையாது. 2011-ல், 23 வயதில், கூண்டுக்குள் நடக்கும் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் வரலாற்றிலேயே மிக இளைய சாம்பியன் ஆனவர். எதிராளிக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு தன் அடியை மட்டும் எட்டவைக்கும் வித்தையை எந்த மருந்தும் கற்றுத் தராது.

ஆனால் 2017 ஜூலை 29-ஐப் பார். கலிபோர்னியாவின் அனஹெய்ம் நகரில் அப்போதைய சாம்பியன் டேனியல் கோர்மியேவுடன் மோதல். மூன்றாம் சுற்றில் ஜோன்ஸின் இடது கால் கோர்மியேவின் தலையில் இறங்கியது. அவர் தள்ளாடி விழுந்தார். விழுந்தவர்மேல் சரமாரியாகக் குத்துகள். நடுவர் நிறுத்திய பின், கூண்டுக்குள்ளேயே கோர்மியே அழுதார். அடுத்த மாதமே செய்தி வந்தது: போட்டிக்கு முந்தைய நாள் ஜோன்ஸிடம் எடுத்த மாதிரியில் டுரினபால். கிழக்கு ஜெர்மனி அரசு ஒரு காலத்தில் தன் வீரர், வீராங்கனைகளுக்கு ரகசியமாகக் கொடுத்துவந்த ஸ்டீராய்டு அது. கலிபோர்னியா மாநில விளையாட்டு ஆணையம் போட்டி முடிவை ரத்து செய்தது. பட்டம் கோர்மியேவுக்கே திரும்பியது. தலையில் வாங்கிய அடியை எந்த ஆணையமும் ரத்து செய்ய முடியாது.

ஓட்டப்பந்தயத்தில் ஏமாற்றினால் பக்கத்தில் ஓடியவர் பதக்கத்தை இழப்பார். சண்டையில் எதிராளியின் மூளையே பணயம். சம விதிகளை நம்பித்தான் அவர் கூண்டுக்குள் வருகிறார்.

இனி உன் கேள்வி. ஸ்டீராய்டு உதை கற்றுத் தராதுதான். கடும் பயிற்சியில் நைந்த தசை சீக்கிரம் தேற அது உதவுகிறது. ஒருவர் உடம்புவலியோடு ஓய்வெடுக்கும் நாளில் இன்னொருவர் அதே உதையை மறுபடி பழகுகிறார். ஆகவே எது உழைப்பால் வந்தது, எது மருந்தால் வந்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

ஜோன்ஸுக்கு நியாயமும் செய்ய வேண்டும். வேண்டுமென்றே உட்கொண்டதாகத் தெரியவில்லை என்று ஏற்று, 2018-ல் ஊக்கமருந்து வழக்கை விசாரித்த நடுவரின் தீர்ப்பு 15 மாதத் தடையோடு நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி கிடைத்த டுரினபால் தடயமும் பிக்கோகிராம் அளவுதான்; ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பழைய மருந்தின் மிச்சம் என்றே நிபுணர்கள் விளக்கினார்கள். ஆனால் 2016-லும் வேறு இரண்டு மருந்துகளுக்காக ஓராண்டுத் தடை பெற்றிருந்தார். “தெரியாமல் நடந்தது” என்ற விளக்கம் தண்டனையைக் குறைக்கலாம், சந்தேகத்தைத் துடைக்காது.

ஆகவே ஜோன்ஸை மாபெரும் திறமைசாலி என்று தாராளமாகச் சொல். எல்லாரிலும் பெரியவர் என்று மட்டும் சொல்லாதே. அந்தப் பெயருக்கு வெற்றிகள் மட்டும் போதாது. தோற்றவரும் மனக்குறை இல்லாமல் ஒப்புக்கொள்ளும் வெற்றிகளாக அவை இருக்க வேண்டும். கடுமையான ஊக்கமருந்துப் பரிசோதனை வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்ட இன்னொரு யுஎஃப்சி சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியரை நான் ஒரு படி மேலே வைப்பது அதனால்தான்.

நீயும் பயிற்சிக்குப் போகிறாய். ஜிம்மில் யாராவது பவுடரோ மாத்திரையோ நீட்டினால், அதில் என்ன இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்காமல் வாயில் போடாதே. உடம்புக்குள் போகும் ஒவ்வொன்றுக்கும் வீரரே பொறுப்பு என்பதுதான் ஊக்கமருந்து விதி. உன்னோடு மோத வருகிற பையனுக்கும் உன்னைப் போலவே ஒரு தலைதான் இருக்கிறது என்பதை மறக்காதே.

அன்புடன்,
மாமா